சாம்புவனும் தங்காளும் இல்லாத அண்ணன்மார் கதையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கொங்கு வீரர்கள் பற்றி வந்த கட்டுரையில், நாங்கள் அண்ணன்மார் என்று கும்பிடும் சகோதரர்கள் பொன்னர், சங்கர் பெயரைப் பார்த்ததும் ஆசையாகப் படித்தேன், முடித்தபோது வருத்தமாகிவிட்டது. வாள், குதிரை, அவர்கள் எதிரி தலையூர்க் காளியோடு சண்டை, அப்புறம் குலப்பெருமை, அவ்வளவுதான். உடுக்கைப் பாட்டில் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது அண்ணன்மார் கதையாகவே தெரியவில்லை.

பறையர் குலத்துச் சாம்புவன் எங்கே? கடைசிவரை அண்ணன்மாரை விட்டுப் பிரியாதவன் அவன். மணப்பாறை பக்கம் வீரப்பூரில் மாசித் திருவிழாவில் வேடபரி ஊர்வலத்துக்கு வந்து பாருங்கள், முரசு கொட்டி முன்னால் போவது சாம்புவன்தான், குதிரை வாகனத்தில் பொன்னர் அவனுக்குப் பின்னால்தான் வருகிறார். கொம்பன் என்ற காட்டுப்பன்றியை மடக்கியதுகூட வாள் இல்லை. வேட்டைக்குக் கூப்பிடாமல் மறந்துவிட்டுப் போன பொன்னாச்சி என்கிற சின்ன நாய்தான், அதுவும் பெரிய வேட்டை நாய்களெல்லாம் தோற்ற பிறகு. ஒரு குலத்தின் பெருமைக்கு மட்டும் பாடின பாட்டாக இருந்தால் இவர்களுக்கெல்லாம் அதில் என்ன வேலை?

தங்கை அருக்காணித் தங்காளைப் பற்றியும் ஒரு வரி இல்லை. சின்ன வயதில் அப்பாரு கையைப் பிடித்துக்கொண்டு வீரர்கள் போரில் விழுந்ததை நடத்திக் காட்டும் படுகளம் பார்க்கப் போயிருக்கிறேன். அருள் வந்து ஆடின ஆட்கள் ஒவ்வொருவராகச் சாய, வரிசையாகப் படுக்க வைத்து வெள்ளைத் துணியால் மூடிவிட்டார்கள். பாட்டுக்காரர் குரல் இறங்கிப்போய் உடுக்கை மட்டும் மெதுவாகக் கேட்டது. தங்காள் அழுதுகொண்டே வந்து தீர்த்தம் தெளிக்க, துணிக்குள்ளே ஒரு கால் விரல் அசைந்ததைப் பார்த்து அப்பாருவின் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். செத்த வீரர்களை எழுப்புகிறவள் அவள்தான், அவளை விட்டுவிட்டு என்ன வீரம் எழுதுவது?

1965ல் வெளிநாட்டிலிருந்து வந்த மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் இங்கே தங்கி, இரவு இரவாக இந்தக் கதையை டேப்பில் பிடித்தார். எங்கிருந்தோ வந்தவர் அத்தனை பொறுமையாகக் கேட்டிருக்கிறார். எங்கள் பக்கம் முழுக்கதையும் தெரிந்த வயதான பாட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் நிருபர் ஒரு ராத்திரி வந்து உட்காரட்டும், சாம்புவன் வருகிற இடத்தில் அவர்கள் எப்படிக் குரல் எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அந்தக் கட்டுரையை மறுபடி எழுதச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகர், காங்கயம்