பணவீக்கம் குறைந்தது, விலை குறையவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

இலங்கையின் பொருளாதாரம் 2022 நெருக்கடியிலிருந்து மீண்டுவிட்டது என்பதற்குச் சான்றாக, 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாக இருந்த பணவீக்கம் ஓராண்டுக்குள் 1.3 சதவீதத்துக்கு இறங்கியமையும், எரிபொருள் நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் நீண்டு கிடந்த வரிசைகள் மறைந்தமையும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. இரண்டும் உண்மைதான். ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிக் கரையோரக் கிராமமொன்றில் நீண்டகாலம் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், எங்கள் வீடுகளில் இவற்றுக்கு என்ன பொருள் என்பதை எழுதாதிருக்க முடியவில்லை.

2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருள்களுக்கு ஓராண்டின் பின்னர் ஏறத்தாழ 170 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது; உணவுப் பொருள்களை மட்டும் எடுத்தால் 195 ரூபா. அடுத்த ஆண்டில் பணவீக்கம் 1.3 சதவீதமானது என்றால், அந்த 170 ரூபா 172 ஆயிற்று என்பதே அதன் பொருள், 100 ரூபாவுக்குத் திரும்பிற்று என்பதல்ல. விலை இறங்கிவிட்டதாக வானொலியில் சொல்கிறார்களே, கடையில் ஏன் இறங்கவில்லை என்று அயலிலுள்ள ஒரு தாய் என்னிடம் கேட்டபோது, இதை ஒரு பழைய கொப்பியில் எழுதிக் காட்டித்தான் விளங்கப்படுத்தினேன்.

எங்கள் கரையில் சிறுபடகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. பல கிழமைகளாகப் போத்தல் மண்ணெண்ணெய்கூடக் கிடைக்காதிருந்த நிலையில், 2022 ஓகஸ்ட் 22 முதல் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. நாளொன்றுக்கு 20 லீற்றர் எரிக்கும் படகுக்கு 1,740 ரூபாவாக இருந்த செலவு, ஒரே இரவில் 6,800 ரூபாவானது. கடலுக்குப் போனால் மீன் படும் என்ற உறுதி எவருக்கும் இல்லை. எண்ணெய்க் காசு மட்டும் போகுமுன்னரே கொடுக்கப்பட வேண்டும். வரிசை குறைந்ததற்கு எண்ணெய் வந்தது ஒரு காரணம் என்றால், அதை வாங்கும் வலு பலரிடம் இல்லாமற் போனது மற்றொரு காரணம்.

போரின்போது வடக்குக்குப் பொருள்கள் வருவது தடுக்கப்பட்டிருந்த தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்ததைக் கண்டவன் நான். அந்நாளில் இல்லாமை பெரும்பாலும் ஊர் முழுவதற்கும் பொதுவாக இருந்தது. இல்லாதவன் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை. இந்த நெருக்கடியிலோ கடைகள் நிறைந்துவிட்டன, வீடுகள் நிறையவில்லை. சப்பாத்து கிழிந்த பிள்ளை பள்ளிக்கூடம் வராமல் நின்றதற்கு, காய்ச்சல் என்று பொய்க் காரணம் சொன்ன தகப்பனை எனக்குத் தெரியும். அவர் என்னிடம் படித்தவர்.

அவர் வீட்டுத் தாலிக்கொடி இன்றும் அடைவில் (அடகில்) இருக்கிறது. ரூபாவின் மதிப்பு வீழ்ந்து பவுணின் விலை ஏறியதால், முன்பைவிடக் கூடுதலான பணம் கையில் கிடைத்தது. அதுவே பலரை அடைவுகடைக்கு இழுத்தது. ஆனால் மீட்பதற்கும் அந்தக் கூடுதற் பணமே வேண்டும் என்பதோடு, 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தி 14.5 சதவீதமாக்கியதைத் தொடர்ந்து, அடைவு வட்டியும் ஏறிற்று. ஒவ்வோர் ஆண்டும் வட்டியை மட்டும் கட்டிச் சீட்டைப் புதுப்பித்து வந்தவர்கள், அதற்கும் இயலாமற் போனபோது ஏல அறிவித்தலைப் பெற்றார்கள்.

வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென்று அரசாங்கம் 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி அறிவித்தது. அதன்பின் கடன்கொடுத்தோருடன் பேசி, சர்வதேச நாணய நிதியத்தின் 290 கோடி டொலர் உதவித் திட்டத்தையும் பெற்று, 2024 டிசெம்பரில் பழைய பிணைமுறிகளுக்குப் (கடன் பத்திரங்களுக்கு) பதிலாகப் புதியவற்றைக் கொடுத்துத் தவணைகளை நீட்டிக்கொண்டது. அது தவறென்று நான் சொல்லவில்லை. வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் அதே நெருக்கடியால், தன் பிழையேதுமின்றிக் கடனாளியான மீனவனுக்கும் தோட்டக்காரனுக்கும் அவ்வாறான தவணை ஏன் கிடைக்கக் கூடாது?

2022 இலும் 2023 இலும் அடைவு வைக்கப்பட்ட சிறு நகைகளின் ஏலத்தை அரச வங்கிகளாவது நிறுத்திவைத்து, குறைந்த வட்டியில் சிறு தவணைகளாக மீட்க வழி செய்ய வேண்டும். வறிய குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் அஸ்வெசும உதவிக்குக் குடும்பங்களை மதிப்பிடும்போது, வீட்டின் சுவரையும் கூரையையும் பார்ப்பதோடு, அந்த வீட்டிலுள்ள அடைவுச் சீட்டுகளையும் வாங்கிப் பார்க்குமாறு பிரதேச செயலகங்களை வேண்டுகிறேன். தங்கள் செய்தியாளர்களும் பணவீக்க வீதத்தை வெளியிடும் நாட்களில், அரிசி, தேங்காய், பால்மா, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் 2021 ஆம் ஆண்டு விலையையும் இன்றைய விலையையும் பக்கத்தில் சேர்த்து வெளியிடுவார்களாயின் பேருதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
வடமராட்சி.