அண்ணனிடமும் இதைக் காட்டு

அன்பு நண்பா,

உன் கடிதம் கைக்கு வந்த நேரம், சிறுநீர்க் குழாய்ச் சுருக்கத்துக்கு ஆபரேஷன் செய்து எனக்கு வைத்திருந்த சிறுநீர் டியூபை எடுத்து விட்டிருந்தார்கள். அதனால் நல்ல செய்தியோடு பதில் எழுத முடிகிறது. மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் கசிவு எதுவும் இல்லை. சிறுநீர் தடையில்லாமல் போகிறது. உன் மகளுக்கு வேலை கிடைத்த விஷயத்தை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அவளுக்கு என் ஆசிகளைச் சொல்.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கும் இதே சுருக்கம், ஒவ்வொரு முறை சிறுநீர்க் குழாயை விரித்துவிட்ட பிறகும் கொஞ்ச காலம் நன்றாக இருக்கிறது, அப்புறம் பழையபடி அடைத்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் அதே கதைதான். சுருக்கம் என்பது உள்ளே காயம் ஆறி விழுந்த தழும்பு. அதை விரித்தாலோ கீறிவிட்டாலோ அந்தக் காயமும் தழும்பாகத்தான் ஆறும். ஒருமுறை செய்து திரும்ப வந்துவிட்டால், மறுபடி மறுபடி அதையே செய்வதில் பலன் குறைந்துகொண்டே போகும், தழும்பும் நீளக்கூடும். குழாயையே சீர்படுத்தும் ஆபரேஷன் அப்படியல்ல. நடுப்பகுதியில் உள்ள சுருக்கமானால் பத்தில் எட்டு ஒன்பது பேருக்குப் பல வருடம் நிலைத்து நிற்கிறது. அண்ணன் இன்னொரு முறை விரிக்கப் போகும் முன், இந்த ஆபரேஷனை வழக்கமாகச் செய்கிற யூராலஜிஸ்ட், அதாவது சிறுநீர்ப் பாதை மருத்துவர், ஒருவரையாவது பார்க்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

கன்னத்தின் உள்பக்கச் சவ்வை எடுத்து அங்கே ஒட்டுவார்கள் என்றதும் அவர் மிரண்டு போனதாக எழுதியிருந்தாய். புது வித்தை இல்லை அது. 1941-லேயே ஹம்பி என்ற மருத்துவர் செய்திருக்கிறார். எப்போதும் ஈரத்தில் இருந்து பழகிய சவ்வு, முடி முளைக்காது, எடுத்த இடமும் சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் முதல் சில நாள் எனக்குக் கீழே வலித்ததைவிட வாய்தான் அதிகம் வலித்தது. வாயைப் பெரிதாகத் திறந்தால் கன்னம் இழுத்துப் பிடிக்கும். குழைவான, காரமில்லாத சாப்பாடு, ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டதும் வாய் கொப்பளிப்பு, அவ்வளவுதான் வைத்தியம்.

கஷ்டமான பகுதி டியூபோடு வீட்டில் இருக்கிற இரண்டு மூன்று வாரம்தான். டியூபின் உள்முனையில் ஒரு சின்ன பலூன் இருக்கிறது. அது உறுத்துவதால் சிறுநீர்ப்பை திடீரென்று இறுகும். டியூப் வழியே எல்லாம் வடிந்துகொண்டுதான் இருக்கும், இருந்தும் இந்த நிமிடமே போயாக வேண்டும் என்று உடம்பு துடிக்கும், டியூபைச் சுற்றிக் கொஞ்சம் ஒழுகவும் செய்யும். முதல் தடவை வந்தபோது தையல் பிரிந்துவிட்டது என்றே நினைத்துப் பயந்தேன். முக்காமல், மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு கிடந்தால் தணிந்துவிடும். அதற்கென்று தரும் மாத்திரை நன்றாகக் கேட்கும், ஆனால் வாயை உலர்த்தும், மலச்சிக்கலும் உண்டாக்கும். முக்கவே கூடாத நேரத்தில் மலச்சிக்கல் வந்தால் என்ன ஆகும், நீயே யோசித்துப் பார். ஆகவே மலமிளக்கி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

டியூபைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவைத்திருக்க வேண்டும், தளர்வாக, இழுபடாமல். இரவில் புரண்டு படுக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். சிறுநீர் வடிந்து சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக இருக்கட்டும். லேசாகச் சிவப்பு கலந்து வருவது சகஜம், நடந்தால் கூடுதலாகத் தெரியும். ஆனால் வடிவது அடியோடு நின்றுபோனாலோ, கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ, குளிர் காய்ச்சல் அடித்தாலோ காத்திருக்கக் கூடாது. அப்போதும் கண்ட இடத்தில் டியூபைக் கழற்றி மாற்ற விடாதீர்கள். இந்த ஆபரேஷன் நடந்திருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டு, ஆபரேஷன் செய்த டாக்டரைக் கூப்பிட வேண்டும். புதுத் தையலுக்குள் தெரியாதவர் கை வைத்தால் எல்லாம் வீணாகிவிடும்.

இன்னொன்று. ஆண்கள் வாய் திறந்து கேட்காத விஷயம். விடியற்காலையில் தன்னால் விறைப்பு வரும், தையல் இழுத்து வலி எடுக்கும். அது எல்லோருக்கும் வருவதுதான். எழுந்து நாலு எட்டு நடந்தால் குறையும். அப்புறம் சில மாதம் விறைப்பு மந்தமாகவும் இருக்கலாம், பெரும்பாலானவர்களுக்கு அது திரும்பிவிடுகிறது. தாம்பத்தியத்தை எப்போது தொடங்கலாம் என்பதை டாக்டரிடம் நேரடியாகக் கேட்கச் சொல், அண்ணியையும் கூட வைத்துக்கொண்டு. வெட்கப்பட்டு மறைத்தே பாதி ஆண்கள் இந்த நோயை முற்ற விடுகிறார்கள். அவர்களைப் பார்க்க எனக்கு மனசு ஆறவே இல்லை. என் மனைவியிடம் ஒளிக்காமல் சொன்ன பிறகுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது எனக்கு இருக்கிற ஒரே தொந்தரவு, போய்விட்டு வந்த பிறகும் சில சொட்டு கசிவது. விதைப்பைக்குப் பின்னாலிருந்து முன்பக்கமாக விரலால் மெல்ல அழுத்திவிட்டால் மிச்சம் வந்துவிடும். சைக்கிளும் பைக்கும் மூன்று மாதத்துக்கு வேண்டாம் என்றிருக்கிறார்கள், பாரமும் தூக்கக் கூடாது. அதன் பிறகு சிறுநீர் போகும் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ டெஸ்ட் ஒன்று. ஒன்றும் தொந்தரவில்லை என்று அதை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் சுருக்கம் திரும்பினால் நமக்குத் தெரிவதற்கு முன்பே அந்த வரைபடத்தில் தெரியும்.

அண்ணனின் பழைய எக்ஸ்ரே, சுருக்கம் எங்கே, எவ்வளவு நீளம் என்று எழுதிய ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து வைக்கச் சொல். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். அவர் விருப்பப்பட்டால் நானே பேசுகிறேன், எந்த நேரமானாலும் சரி. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்,
பழைய நண்பன்