பட்டாணி பட்டாணி தின்ற கதை

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் கடிதம் வந்து 12 நாள் ஆகிறது. உடனே பதில் எழுத முடியாததற்கு என் வலது கண்தான் காரணம். புரை எடுத்தார்கள். குனியாதே, முகத்தில் தண்ணீர் படக்கூடாது, கண்ணைக் கசக்காதே என்று ஒரு வாரம் குழந்தையை மிரட்டுகிற மாதிரி மிரட்டினார்கள். இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. வீட்டு மூலையில் இருக்கும் ஒட்டடையும் சேர்த்து.

மகள் வேலைக்கென்று வெளியூர் போனதும் அவள் வளர்த்த சாம்பல் கிளி உன் தலையில் விழுந்ததைப் படித்துச் சிரித்தேன். தினமும் சாயங்காலம் அவள் குரலிலேயே "அம்மா, சாவி எங்கே?" என்று அது கேட்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சூரியகாந்தி விதையைத் தவிர வேறு எதையும் தொட மாட்டேன் என்கிறது, ஆள் நன்றாகத்தானே இருக்கிறது, மாற்றித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருந்தாய். மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் நான் முதலில் மாற்றிய மாதிரி மாற்றாதே.

எங்கள் பட்டாணியை உனக்குத் தெரியும், மஞ்சள் கொண்டைக் காக்கட்டீல், சின்ன ஜாதிக் கிளி. 6 வருடம் விதைக் கலவை போட்டுத்தான் வளர்த்தேன். பாக்கெட்டில் பத்து வகைத் தானியம் இருக்கும். அது சூரியகாந்தியை மட்டும் பொறுக்கும், மீதியைத் தரையில் தள்ளும். கிண்ணம் காலியானதாக நினைத்து நான் மறுபடி நிரப்புவேன். ஆக, பத்து வகைக்குக் காசு கொடுத்து ஒரே வகையைத் தின்னக் கொடுத்திருக்கிறேன். பாக்கெட்டில் விட்டமின் சேர்த்தது என்று வேறு போட்டிருந்தது. அந்த விட்டமினை விதையின் மேல்தான் தடவுகிறார்கள். கிளி உமியை உரித்துத் துப்பிவிட்டுப் பருப்பை மட்டும் தின்னும். விட்டமின் முழுக்கத் துடைப்பத்துக்குப் போயிற்று.

போன வருடம் அதற்கு ஓயாத தும்மல். மூக்குத் துளையோரம் எப்போதும் ஈரம். பறவை பார்க்கிற மருத்துவரிடம் கொண்டு போனேன். அவர் அலகைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். மேல் அண்ணத்தில் ஒரு பிளவு இருக்கும், அதன் ஓரத்தில் சின்னச் சின்ன முட்கள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்க வேண்டுமாம். பட்டாணிக்கு அவை மழுங்கிப்போயிருந்தன. விட்டமின் ஏ பற்றாக்குறை. அது குறைந்தால் வாய், மூக்கின் உட்தோல் தடித்துப்போய்க் கிருமி சுலபமாகப் புகுந்துவிடும் என்றார். சூரியகாந்திப் பருப்பில் பாதிக்குப் பாதி கொழுப்பு, கூண்டுக்குள்ளேயே இருக்கும் பறவைக்கு அது கல்லீரலில் போய்ப் படியும் என்றும் சொன்னார். அலகு அளவுக்கு மீறி வளர்வதுகூட அந்தக் கல்லீரல் கோளாறின் அறிகுறியாக இருக்கலாமாம். நான் அதை அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

"காட்டில் மட்டும் என்ன சமைத்தா சாப்பிடுகிறது? விதைதானே தின்கிறது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். காக்கட்டீல் ஆஸ்திரேலியாவில் புல் விதை தின்கிற பறவைதான். ஆனால் அது பல வகைப் புல், பாதி முற்றாத பச்சை விதை. அதைத் தேடி மைல் கணக்கில் பறக்கவும் வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குக் கூண்டிலிருந்து ஜன்னல் வரைதான் பயணம். உன் சாம்பல் கிளி ஆப்பிரிக்கக் காட்டுப் பறவை. அங்கே எண்ணெய்ப் பனைப் பழமும் மற்ற பழங்களும் இலையும் விதையும் கலந்து தின்கிற ஜாதி. அந்த ஜாதிக்குக் கால்சியம் ஒரு தனித் தொல்லை. ரத்தத்தில் அது குறைந்தால் வலிப்பே வரும். விதையில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். அதனால் எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை மருத்துவரிடம் காட்டி ரத்தம் பார்த்துவிடு. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலை நம்பாதே. விட்டமின் டி உண்டாக்குகிற கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். "பசித்தால் தானாகத் தின்னும்" என்று ஒருவர் சொன்னதை நம்பி, ஒரு திங்கட்கிழமை விதைக் கிண்ணத்தை எடுத்துவிட்டுப் பெல்லட்டை வைத்தேன். பெல்லட் என்றால் தானியம், காய், விட்டமின் எல்லாவற்றையும் அரைத்து அழுத்திய சின்ன உருண்டை. அதில் பிடித்ததைப் பொறுக்க முடியாது, அதுதான் அதன் நன்மை. பட்டாணி அதைக் கூழாங்கல்லைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் போட்டது. பரவாயில்லை, தொடுகிறதே என்று எனக்குச் சந்தோஷம். புதன்கிழமை காலையில் இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்திருந்தது. காகிதத்தில் எச்சம் நாலைந்து சொட்டுதான், கரும்பச்சையாக. 92 கிராம் இருந்த பறவை 83 ஆகியிருந்தது. மருத்துவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத மாட்டேன். சின்னப் பறவைக்கு இரண்டு நாள் பட்டினி உயிருக்கே உலை வைக்கலாம். பசி எடுத்தால் தின்னும் என்பதெல்லாம் அது சாப்பாடு என்று தெரிந்தவர்களுக்குத்தான். பட்டாணிக்குக் கேரட்டும் ஒன்றுதான், கூண்டுக் கம்பியும் ஒன்றுதான்.

விதையைத் திரும்பக் கொடுத்து, பத்து நாள் தேற்றி, மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை முதலில் வாங்கியது எடை மெஷின். சமையலுக்கு வைத்திருப்போமே, ஒவ்வொரு கிராமாகக் காட்டுவது, அதுதான். மேலே ஒரு கட்டையை வைத்துப் பூஜ்யம் ஆக்கிக்கொள்ள வேண்டும். காலையில் துணியை விலக்கியதும் முதல் எச்சம் போடும் வரை காத்திருப்பேன், ஏனென்றால் அதுவே ஓரிரு கிராம் இருக்கும். அப்புறம் கட்டையில் ஏற்றுவேன். காலண்டரில் எண்ணைக் குறிப்பேன். உன்னுடையது 450 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள், 45 கிராம், அதாவது பத்தில் ஒரு பங்கு, இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருக்காதே. அதில் பாதி இறங்கினாலே விதையை ஏற்றிவிடு. எடை நிலையாக இருந்தால் எத்தனை மாதம் ஆனாலும் கவலையில்லை.

விதையை நான் நிறுத்தவில்லை, நேரத்தை மாற்றினேன். கிளிக்குப் பசி அதிகம் எடுப்பது விடிந்ததும்தான். அப்போது பொடியாக நறுக்கிய காய், மதியம் பெல்லட், சாயங்காலம் அளந்து விதை. காயின் மேல் நாலு விதையைத் தூவுவேன். அதைக் கொத்த வரும்போது அலகில் கேரட் ஒட்டும். உடனே தலையை உதறும், சுவரெல்லாம் ஆரஞ்சுப் புள்ளி. முளைகட்டிய விதை நல்ல பாலம். அதற்குத் தெரிந்த விதைதான், ஆனால் ஈரமும் பச்சையும் பழகும். அதைத் தினமும் நன்றாக அலச வேண்டும், கொஞ்சம் வாடை வந்தாலும் கொட்டிவிட வேண்டும்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரு நாள் சமையலுக்காகப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். கிளி என் தோளில் இருந்தது. நான் பச்சையாகவே ஒன்றை வாயில் போட்டுக் கடித்தேன். காதோரம் ஒரு அசைவு. தோளிலிருந்து கை வழியாக, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து மணிக்கட்டு வரை இறங்கி வந்தது. விரலிடுக்கில் இருந்த காயைப் பிடுங்கி, மேல் தோலைக் கிழித்து, உள்ளே இருந்ததை நாக்கால் உருட்டி, சூரியகாந்தியை உரிக்கிற அதே மாதிரி உரித்துத் தின்றது. அலகெல்லாம் பச்சை. என் கண்ணாடியெல்லாம் பச்சை. நான் மூச்சுகூட விடவில்லை.

அப்போதுதான் இரண்டு விஷயம் விளங்கியது. அது கூட்டமாகத் தின்கிற பறவை, கூட இருப்பவர்கள் தின்றால்தான் அதற்கு அது தீனி. இன்னொன்று, அதற்கு உரிக்க, கிழிக்க, உடைக்க ஏதாவது வேலை வேண்டும். ருசியை விடக் கண்ணும் நாக்கில் படும் பதமும்தான் முக்கியம். கிளிக்குச் சுவை மொட்டுகள் சில நூறுதான், நமக்கு ஆயிரக்கணக்கில். அதிலிருந்து எல்லாவற்றையும் தோலோடு, காம்போடு, கதிரோடு கொடுத்தேன். கீரையை ஈரத்தோடு கம்பியில் செருகினால் முதலில் அதில் குளிக்கும், அப்புறம் கடிக்கும். சர்க்கரைவள்ளியை வேகவைத்து வெதுவெதுப்பாகக் கொடுத்தேன். பூசணி, சிவப்புக் குடைமிளகாய் எல்லாம் விட்டமின் ஏவுக்கு நல்லது. பழம் கொஞ்சமாகப் போதும், வெறும் இனிப்புதான். பெல்லட்டை நுணுக்கிக் காயில் பிசிறினேன். அது முழுசாகப் பெல்லட்டைக் கடிக்க நாலு மாதம் ஆயிற்று. கேரட்டை இன்றைக்கும் துப்புகிறது. போகட்டும்.

எச்சத்தைப் பார்த்துப் பயப்படாதே. காய் தின்றால் நீர் அதிகமாக இருக்கும், பெல்லட்டுக்குப் பழுப்பாகும், பீட்ரூட் கொடுத்த அன்று நான் ரத்தம் என்று நினைத்து மருத்துவருக்கு போன் செய்து அசடு வழிந்தேன். அவகாடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, உப்புப் பண்டம் எதுவும் கிட்டே போகக்கூடாது. ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிட்டுக் கொடு. நறுக்கிய காயை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடாதே. தண்ணீரில் விட்டமின் சொட்டு விடச் சொல்வார்கள், வேண்டாம். தண்ணீர் ருசி மாறிக் குடிக்காமல் விட்டுவிடும். பெல்லட் தின்ன ஆரம்பித்தபின் மேற்கொண்டு விட்டமின் கொடுத்தால் அது மிஞ்சிப்போய் வேறு கெடுதல்.

எனக்கும் சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்று சாப்பாட்டை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். பட்டாணிக்கு நான் காட்டிய பொறுமையில் பாதியைக்கூட எனக்கு யாரும் காட்டவில்லை. ஒரே நாளில் டப்பாவை ஒளித்துவைத்துவிட்டார் என் வீட்டுக்காரர்.

முதல் வாரத்து எடையை எழுதி அனுப்பு. உன் தட்டில் இருந்து எதை அது முதலில் திருடியது என்றும் எழுது. அப்புறம், அது "சாவி எங்கே?" என்று கேட்டால் நீ என்ன பதில் சொல்கிறாய்?

அன்புடன்,
உன் ஆமை