‘பிதாவே’ என்று சொல்லத் தயங்கும் பிள்ளை

அன்புள்ள தங்கச்சிக்கு,

தேயிலைத் தோட்டத்து ஞாயிறு பாடசாலையில் 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் வகுப்பைப் பொறுப்பெடுக்கிறீர்கள். முதல் பாடமே ‘தேவன் நம் தகப்பன், தாயைப்போல் தேற்றுகிறவர்’. கேட்க இலகுவான பாடம். ஆனால் நம் மலையகத்தில் இதைவிடக் கவனமாக எடுக்க வேண்டிய பாடம் இல்லை. அம்மா குவைத்துக்குப் போக, அம்மாயியிடம் (அம்மாவின் அம்மா) வளரும் பிள்ளை உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும். அப்பா கொழும்பில் கடையில் நிற்க, கிறிஸ்மசுக்கு மட்டும் அவர் முகத்தைப் பார்க்கும் பிள்ளை இருக்கும். சம்பள நாள் ராத்திரி அப்பாவுக்குப் பயந்து அடுத்த வீட்டுக் காம்பராவில் (அறையில்) படுக்கிற பிள்ளையும் இருக்கும்.

‘உங்க அப்பா மாதிரித்தான் கடவுளும்’ என்று தொடங்காதீர்கள். அந்தக் கடைசிப் பிள்ளை அதை அப்படியே நம்பிவிடும்.

இயேசுவும் அப்படித் தொடங்கவில்லை. மத்தேயு 7:11-ல் ‘பொல்லாதவர்களாகிய நீங்கள்’ என்றே பெற்றோரைப் பற்றிப் பேசுகிறார். குறையுள்ள மனிதருக்கே பிள்ளைக்கு நல்லதைக் கொடுக்கத் தெரியும் என்றால், பரமபிதா கொடுப்பது இன்னும் எவ்வளவு நிச்சயம் என்பதுதான் அவர் கேள்வி. சின்னதிலிருந்து பெரியதுக்குப் போகிற பேச்சு அது. அப்பாவை வைத்துக் கடவுளை அளந்தால் பாடம் தலைகீழாகிவிடும்.

நேரத்தின் பெரும்பகுதியை ஏசாயா 49-க்குக் கொடுங்கள். 14-ம் வசனத்தில் சீயோன் (எருசலேம் நகரம்), ஆண்டவர் என்னை மறந்தார் என்று முறையிடுகிறது. அதற்குப் பதில்தான் 15-ம் வசனம்: ‘ஸ்திரீயானவள் தன் கர்ப்பத்தின் பிள்ளைக்கு இரங்காமல், தன் பாலகனை மறப்பாளோ?’ பாலகன் என்பது இங்கே பால்குடி மறக்காத குழந்தை. பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையம்) கைக்குழந்தையை விட்டுவிட்டு மலைக்கு ஏறிய தாய்க்கு மணிக்கூடு வேண்டாம். பால் கட்டி மார்பு கனக்கும். வேறு யாருடைய பிள்ளை அழுதாலும் ரவிக்கை நனையும். மறக்க நினைத்தாலும் உடம்பு விடாது. ‘இரங்குதல்’ என்பதற்கு அங்கே வரும் எபிரேயச் சொல்லும் கருப்பையைக் குறிக்கும் ‘ரெஹெம்’ என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. தகப்பன் இரங்குவதைச் சொல்லும் சங்கீதம் 103:13-லும் அதே வேர்ச்சொல்தான் வருகிறது. இது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும், பிள்ளைகளுக்கு எபிரேயம் தேவையில்லை.

ஆனால் வசனத்தைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். ‘அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை’ என்று வேதமே சொல்கிறது. அம்மா போன் எடுக்காத பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தைதான் வாசல். அம்மா ஏன் போனாள், அன்பால் போனாளா என்றெல்லாம் நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போகவேண்டாம். அடுத்த வசனத்தில் ‘என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன்’ என்று வரும். கொழுந்து எடுக்கிறவர்களின் விரல் வெடிப்பில் ஏறியிருக்கும் கறுப்புக் கறையைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அதைச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

லூக்கா 15-ல் வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிவரும் மகனின் கதையை எடுத்தால் ஒரு இடத்தில் நில்லுங்கள். 19-ம் வசனத்தில் இளைய மகன் ‘கூலிக்காரரில் ஒருவனாக’ வைத்துக்கொள்ளும்படி கேட்கத் தீர்மானிக்கிறான். 21-ல், தகப்பன் முன்னால், அந்தப் பேச்சு வரவே இல்லை. அதற்குள் தகப்பன் உடுப்பும் மோதிரமும் பாதரட்சையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். கூலி என்ற பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடுவது பெரிய தவறு.

கேள்விகள் கேட்கும்போதுதான் அதிகம் பிழை வரும். ‘அப்பா என்ன வாங்கிக் கொடுத்தார்?’ என்று கேட்காதீர்கள். ‘காய்ச்சல் வந்தால் யார் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாங்க?’ என்று கேளுங்கள். அம்மாயி, சித்தி, அக்கா என்று எல்லாரிடமும் ஒரு பதில் இருக்கும். யாரும் இல்லை என்கிற பிள்ளைக்கு, தாயும் தகப்பனும் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்வார் என்கிற சங்கீதம் 27:10-ஐ வகுப்பு முடிந்தபின் தனியாகச் சொல்லுங்கள், எல்லார் முன்னாலும் வேண்டாம். ஜெபித்தால் அம்மா அடுத்த மாசமே வந்துவிடுவாள் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

அடி, காயம் என்று ஒரு பிள்ளை வாய்திறந்தால், ‘தகப்பனைக் கனம்பண்ணு’ என்று அதன் வாயை அடைக்காதீர்கள். முழுதாகக் கேளுங்கள், போதகரிடம் சொல்லுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

கடைசிப் பத்து நிமிஷத்துக்கு ரொட்டியும் கல்லும் வேண்டும். 500 கிராம் மாவு, அரை மூடித் தேங்காய்ப்பூ, உப்பு. கையகல ரொட்டி எட்டு வரும். ஒரு ரொட்டியையும் அதே அளவுத் தட்டைக் கல்லையும் துவாய்க்கு அடியில் வைத்து, ஒரு பிள்ளையைக் கை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். பிறகு, அப்பம் கேட்கிற மகனுக்கு யாராவது கல்லைக் கொடுப்பானா என்று கேட்கும் மத்தேயு 7:9-ஐ வாசித்து, ஆளுக்குப் பாதி பிய்த்துக் கொடுங்கள். ஆறினால் ரொட்டி இறுகிவிடும், வகுப்புக்குக் கிளம்புகிற நேரத்தில் சுட்டுத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். அன்றைக்கு வராத பிள்ளைக்கும் ஒரு பாதியை எடுத்து வைத்து, திரும்பிப் போகையில் அதன் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) கொடுத்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா