டன்லப் நினைவுச் சுவர்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மெல்பர்னில் நம் சங்க நூலகச் சுவரில், ராணுவ மருத்துவர் சர் எட்வர்ட் டன்லப் பற்றிய ஏழு தமிழ்ப் பலகைகளும் மாட்டியாயிற்று. எட்டாவது காலியாக இருக்கிறது, காரணம் பின்னால்.

எத்தனையோ வீரர்கள் இருக்க இவர் ஏன் என்று பொதுக்குழுவில் கேட்டீர்கள். நம்மில் பலர் மலாயாத் தோட்டத்து வழி வந்தவர்கள். 'தாத்தா சயாமுக்குப் போனார், திரும்பவில்லை' என்பதுதான் பல வீடுகளில் மிச்சம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்து, சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட அதே சயாம் மரண ரயில் பாதையில் போர்க்கைதியாக இருந்து, கண்டதை எழுதி ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர் டன்லப்.

விக்டோரியாவின் வாங்கரட்டாவில் 1907இல் பிறந்தவர். டன்லப் என்றால் டயர், டயர்டு என்றால் களைப்பு. அப்படிக் கல்லூரியில் ஒட்டிய 'வியரி' (ஆங்கிலத்தில் களைத்தவர்) என்ற பட்டப்பெயர் கடைசிவரை போகவில்லை. கிரீஸ், கிரீட், லிபியாவின் தோப்ருக் என்று பணியாற்றி, 1942இல் ஜாவாவில் தன் மருத்துவமனையோடு பிடிபட்டார். பார்வையும் இரு கைகளும் இழந்த ஒரு நோயாளியை ஜப்பானியர் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்தப் போனபோது குறுக்கே போய் நின்றார். இரண்டாம் பலகை முழுக்க அதுதான்.

அதிகம் மெனக்கெட்டது நான்காம் பலகைக்கு. ரயில் பாதையோரத்து ஹின்டோக் கைதி முகாம், 1943, காலரா. மருந்தும் கருவியும் இல்லாத இடத்தில் மூங்கிலையும் ஸ்டெதாஸ்கோப் குழாயையும் வைத்தே உப்புநீர் ஏற்றினார்கள். கைதிகளாக இருந்த அதிகாரிகளின் சம்பளத்தில் பங்கு பிடித்து நோயாளிகளுக்கு வாத்து முட்டை வாங்கினார் டன்லப். காலையில் ஆள் எண்ணும்போது, நிற்க முடியாதவர்களுக்காகக் காவலர்களோடு மல்லுக்கட்டி அடியும் வாங்கினார். அந்த மூங்கில் குழாயின் மாதிரியை நம் உறுப்பினர் ஒருவர் செய்து தந்திருக்கிறார். உள்கணுக்களைத் துளைத்தெடுக்கவே ஒரு நாள் ஆனதாம். கையில் எடுத்துப் பாருங்கள்.

1969இல் சர் பட்டம், 1993இல் மறைவு, அடுத்த ஆண்டு அவர் அஸ்தியில் ஒரு பகுதி அந்தப் பாதைக்காகக் கைதிகள் பாறையைக் குடைந்த ஹெல்ஃபயர் கணவாய்க்கே போனது: இவை ஏழாம் பலகையில்.

ஒரு தாமதத்துக்கு வருந்துகிறோம். முதலில் அச்சடித்து வந்தவற்றில் எழுத்துரு உடைந்து, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக நின்றன. திரும்ப அடித்ததில் மூன்று வாரம் போயிற்று. தணிக்கை செய்த கணக்கு தனித்தாளில் இருக்கிறது.

சரி, எட்டாம் பலகை. 415 கிலோமீட்டர் பாதையில் சுமார் 2,800 ஆஸ்திரேலியக் கைதிகள் இறந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் அவர்களில் பலருக்குப் பெயர் பொறித்த கல் உண்டு. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 வரை என்பது மதிப்பீடு. அதில் தமிழர் ஏராளம். எண்ணவும் ஆளில்லை, எழுதவும் ஆளில்லை. அந்தப் பலகை அவர்களுக்கு. பெரியவர்களிடம் கேட்டு, பெயரும் தோட்டத்தின் பெயரும் எழுதித் தாருங்கள்.

போன ஞாயிறு ஓர் அம்மா பென்சிலால் ஒரு பெயரை எழுதிக் கொடுத்தார். அப்பா பெயர் தெரியாது, தோட்டமும் தெரியாது, போடுவீர்களா என்று கேட்டார். முதல் பெயராக அதைத்தான் பொறிக்கக் கொடுத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்