காஸ் கொடுங்கள், இல்லையேல் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுங்கள்

பெறுநர்: பாகிஸ்தான் மாணவர் சேர்க்கையை நிறுத்திவைத்திருக்கும் பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் பன்னாட்டுச் சேர்க்கை அலுவலகங்கள்
நகல்: பிரிட்டன் உள்துறை அமைச்சகம், மாணவர் விசாப் பிரிவு

மதிப்பிற்குரியீர்,

பின்னணி உங்களுக்குத் தெரியும். உங்கள் பல்கலைக்கழகம் காஸ் (CAS) எனப்படும் சேர்க்கை உறுதிச் சான்று கொடுத்தவர்களில் 10 சதவீதத்துக்குள் விசா மறுக்கப்பட்டால் குற்றமில்லை என்று இருந்த வரம்பு, 2025 செப்டம்பரில் 5 சதவீதமாகக் குறைந்தது. தாண்டினால் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் உரிமத்துக்கே ஆபத்து. அதே செப்டம்பரோடு முடிந்த ஓராண்டில் பாகிஸ்தானிலிருந்து வந்த மாணவர் விசா விண்ணப்பங்களில் 18 சதவீதம் மறுக்கப்பட்டன. குறைந்தது ஒன்பது பல்கலைக்கழகங்கள் பாகிஸ்தான், பங்களாதேஷ் போன்ற நாடுகளிலிருந்து மாணவர் எடுப்பதை நிறுத்தியோ சுருக்கியோ விட்ட செய்தி டிசம்பரில் வெளியே வந்தது. செஸ்டர் பல்கலைக்கழகம் 2026 இலையுதிர் காலம் வரை பாகிஸ்தானிலிருந்து ஆள் எடுப்பதில்லை என்று காலம் குறித்துச் சொன்னது. முடிவு கசப்பானது, ஆனால் சொன்னார்கள். சொல்லாமலே கோப்புகளைக் கிடப்பில் போட்டிருப்பவர்களுக்குத்தான் இந்த மடல்.

எங்கள் கோரிக்கை ஒன்றே. கட்டணத்தின் முன்பணமாக டெபாசிட் வாங்கிய மாணவருக்குக் காஸ் கொடுங்கள். கொடுக்க முடியாது என்று முடிவெடுத்துவிட்டால், அந்த முடிவு எடுத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள்.

அந்த டெபாசிட்டும் விசாவுக்குக் காட்ட வேண்டிய பணமும் எப்படிச் சேர்கின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லண்டனுக்கு வெளியே ஓராண்டு முதுகலைப் படிப்பு, கட்டணம் 15,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 5,000 பவுண்டு டெபாசிட் கட்டியாயிற்று. மீதிக் கட்டணம் 10,000. வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,171 வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,539. ஆக விசாவுக்கு 20,539 பவுண்டு வங்கியில் இருந்தாக வேண்டும். பவுண்டுக்கு ஏறத்தாழ 370 ரூபாய் என்று வைத்தால் 76 லட்சம் பாகிஸ்தான் ரூபாய். லண்டன் என்றால் வாழ்க்கைச் செலவு மட்டுமே 13,761 பவுண்டு. இந்தத் தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் இறங்கினாலும் விண்ணப்பம் விழும். வங்கி அறிக்கையின் கடைசித் தேதி விண்ணப்பிக்கும் நாளுக்கு 31 நாளுக்கு மேல் பழையதாகவும் இருக்கக்கூடாது. ரூபாயில் வைத்திருப்பதை விண்ணப்ப நாளின் மாற்று விகிதத்தில் கணக்கிடுவார்கள் என்பதால், சரியாகத் தேவையான தொகையை மட்டும் வைத்தவர் ரூபாய் சற்றுச் சரிந்தாலே மாட்டிக்கொள்வார். விவரம் தெரிந்தவர்கள் நாலைந்து லட்சம் கூடுதலாகவே வைப்பார்கள்.

லாகூரிலோ ஃபைசலாபாத்திலோ ஒரு நடுத்தரக் குடும்பத்தில் 76 லட்சம் ரொக்கமாக வங்கியில் தூங்குவதில்லை. மனையாக, நகையாக, தேசிய சேமிப்புப் பத்திரமாக, அப்பாவின் வருங்கால வைப்பு நிதியாக, நம் ஊர்ச் சீட்டைப்போல் அங்கே அக்கம்பக்கத்தார் சேர்ந்து போடும் கமிட்டியாகக் கிடக்கும். மனையைக் காட்டினால் செல்லாது, பங்கும் ஓய்வூதியமும் செல்லாது. கையில் எடுக்கக்கூடிய பணம்தான் செல்லும். அதுவும் மாணவர், அவரது துணைவர், பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் பெயரில்தான் இருக்க வேண்டும். மாமா பணமோ அண்ணன் பணமோ அவர்கள் கணக்கில் இருந்தால் எண்ணப்படாது. எனவே எல்லாம் விற்று, பிரித்து, அப்பா கணக்கில் வந்து சேர்கிறது. சேர்ந்தவுடன் அடுத்த கேள்வி: இவ்வளவு பெரிய தொகை திடீரென்று எங்கிருந்து வந்தது? விற்பனைப் பத்திரம், நகைக்கடை ரசீது, கமிட்டி நடத்துபவரின் கையெழுத்துத் தாள் என்று ஒவ்வொன்றுக்கும் காகிதம் தேட வேண்டும். கமிட்டிக்குக் காகிதமே இருப்பதில்லை.

பெற்றோர் கணக்கு என்றால் பிறப்புச் சான்றும் சம்மதக் கடிதமும் வேண்டும். தந்தை பெயர் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் மெட்ரிக் எனும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருப்பது அங்கே சர்வசாதாரணம். ஓர் எழுத்தைத் திருத்தத் தேர்வு வாரியத்தின் வாசலில் வாரக்கணக்கில் நிற்க வேண்டும். இதற்கிடையே காசநோய்ப் பரிசோதனைச் சான்று ஆறு மாதத்தில் காலாவதியாகும். ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணுக்கு இரண்டு ஆண்டு ஆயுள்.

இத்தனை கடிகாரங்களும் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறீர்கள்: 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. அடுத்த பருவத்துக்கு மாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா?'

விருப்பத்தைக் கேட்டதற்கு நன்றி. ஆனால் தள்ளிப்போடுவது இலவசம் இல்லை. பரிசோதனையை மறுபடி எடுக்க வேண்டும். வங்கி அறிக்கை செத்துப்போகும், 28 நாளைப் புதிதாக எண்ண வேண்டும். விற்ற மனை திரும்பி வராது, விலையும் நிற்காது. உள்துறையின் வாழ்க்கைச் செலவுக் கணக்கே 2025 நவம்பரில் மாதம் 1,136 பவுண்டிலிருந்து 1,171 ஆனது. அடுத்த பருவத்தில் எவ்வளவு கேட்பார்கள் என்பதை யார் சொல்வது?

இதைவிடக் கொடுமை அந்த 5,000 பவுண்டு. பதினெட்டரை லட்சம் ரூபாய். வங்கி வழியாக அனுப்பினால் சேர்க்கைக் கடிதம், கட்டணச் சீட்டு, அடையாள அட்டை, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் படிவம் 'எம்' எல்லாம் கொடுத்து அன்னியச் செலாவணிக்குக் காத்திருக்க வேண்டும். வங்கி அட்டையில் கட்டினால் 2023 நிதிச் சட்டத்துக்குப் பிறகு வரிக் கணக்குத் தாக்கல் செய்பவரிடம் 5 சதவீதமும் செய்யாதவரிடம் 10 சதவீதமும் முன்வரி பிடிப்பார்கள். அந்த வரியை நீங்கள் திருப்பித் தரப்போவதில்லை, தரும்படி நாங்கள் கேட்கவும் இல்லை. ஆனால் உங்கள் கையிலிருக்கும் டெபாசிட் திரும்பாத வரை அந்த மாணவர் இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு டெபாசிட் கட்ட முடியாது. நீங்கள் சேர்க்கவும் இல்லை, விடவும் இல்லை.

உங்கள் திருப்பிச் செலுத்தும் விதிகளைப் படித்துப் பாருங்கள். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பும். மாணவர் தானாக விலகினால் திரும்பாது. பல்கலைக்கழகமே ஒரு நாட்டை மொத்தமாக நிறுத்திவிட்டால் என்ன என்பதற்குப் பல விதித்தாள்களில் தெளிவான வரி கிடையாது. ஆகவே படிவம் நிரப்பப் போனால் விசா மறுப்புக் கடிதத்தை இணைக்கச் சொல்கிறது. காஸ் இல்லாமல் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. விண்ணப்பிக்காதவருக்கு மறுப்புக் கடிதம் எங்கிருந்து வரும்? உங்கள் சட்டப் பிரிவில் யாராவது இதைச் சிரிக்காமல் விளக்கினால் கேட்டுக்கொள்கிறோம்.

திரும்ப வரும் பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கே போகும் என்பதும் இருக்கிறது. மாணவரைச் சேர்த்துவிடும் முகவர் 'நான் கட்டிவிடுகிறேன்' என்று தன் கணக்கிலிருந்து கட்டியிருந்தால் அந்தப் பணம் மாணவரை வந்தடைவது முகவரின் மனச்சாட்சியைப் பொறுத்தது. மாணவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறோம்: எந்த நிலையிலும் சொந்தக் கணக்கிலிருந்தோ பெற்றோர் கணக்கிலிருந்தோ மட்டும் கட்டுங்கள், வங்கி கொடுக்கும் பரிமாற்ற எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் பக்கக் கணக்கும் எங்களுக்குப் புரிகிறது. ஆண்டுக்கு 1,000 காஸ் கொடுக்கும் பல்கலைக்கழகத்தில் 300 பேர் பாகிஸ்தானியர் என்று வைப்போம். 18 சதவீதம் மறுப்பு என்றால் 54. மற்ற 700 பேரில் 2 சதவீதம் என்றால் 14. மொத்தம் 68, அதாவது 6.8 சதவீதம். பழைய வரம்பில் நிம்மதியாகத் தேறியிருப்பீர்கள். புதிய வரம்பில் தோல்வி. ஆனால் அந்த 300 கோப்புகளை ஒழுங்காகச் சலித்து மறுப்பை 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 30ம் 14ம் சேர்ந்து 44தான், 4.4 சதவீதம். தேறிவிடுகிறீர்கள். ஒரு நாட்டையே மூடாமல் இதைச் செய்ய முடியும். செலவு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

சலிப்பது எப்படி என்பதும் ரகசியமில்லை. பட்டத்தைப் பாகிஸ்தானின் உயர்கல்வி ஆணையத்தின் சான்றொப்பத்தோடு கேளுங்கள், மெட்ரிக்கும் பன்னிரண்டாம் வகுப்பான இன்டர்மீடியட்டும் என்றால் வாரியங்களின் ஒருங்கிணைப்பு ஆணையத்தின் சான்றொப்பம். வங்கிக் கடிதத்தில் அச்சிட்டிருக்கும் கிளை மேலாளரின் கைபேசி எண்ணுக்கு அழைத்துச் 'சரிபார்ப்பது' சரிபார்ப்பே அல்ல. போலிக் கடிதம் அச்சடிப்பவன் போலி எண்ணையும் சேர்த்தே அச்சடிப்பான். வங்கியின் தலைமையகத்துக்கு அதன் அதிகாரபூர்வ முகவரியில் எழுதுங்கள். காஸுக்கு முந்தைய நேர்காணலை முகவர் அலுவலகத்து நாற்காலியில் மாணவரை உட்காரவைத்து நடத்தாதீர்கள். மனப்பாடம் செய்த பதில்தான் கிடைக்கும். பாடத்திட்டத்தில் எந்தத் தாள் எதற்கு என்று உங்கள் ஆசிரியர் ஒருவர் பத்து நிமிடம் கேட்டால் யார் படிக்க வருகிறார், யார் வேறு எதற்கோ வருகிறார் என்பது தெரிந்துபோகும். பழைய முறையில் இரண்டாண்டு பி.ஏ., பிறகு இரண்டாண்டு எம்.ஏ. முடித்தவரின் பதினாறாண்டுப் படிப்பு நான்காண்டு பி.எஸ். இளங்கலைக்கு நிகரானது. அது தெரியாமல் 'ஏன் இரண்டாவது முதுகலை?' என்று சந்தேகப்படும் குறிப்புகளையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இவை எல்லாவற்றையும் டெபாசிட் வாங்குவதற்கு முன்னால் செய்யலாம். செய்வதில்லை. முன்னால் வருவது கல்விக் கண்காட்சி. லாகூர், கராச்சி, இஸ்லாமாபாத் நட்சத்திர விடுதிகளில் உங்கள் கொடிகள் தொங்கும், கட்டணச் சலுகை 'இன்று மட்டும்' என்பார்கள், சேர்க்கைக் கடிதம் கையோடு கிடைக்கும். முதலாண்டுக் கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்று முகவருக்குத் தரகு. எத்தனை மாணவரைக் கொண்டுவந்தார் என்பதற்குத் தரகு உண்டு, எத்தனை பேருக்கு அவரால் விசா மறுக்கப்பட்டது என்பதற்குத் தண்டம் உண்டா? பொய்க் கோப்பு தயாரித்த முகவர் அடுத்த மாதம் வேறு பெயர்ப் பலகையோடு அதே மாடியில் உட்கார்ந்திருக்கிறார். மூடப்பட்ட கதவு உண்மையான கோப்பு வைத்திருந்தவருக்கு. உங்கள் விளம்பரக் கையேட்டின் அட்டையில் தலைக்கவசத்தோடு ஆய்வகத்தில் சிரிக்கும் தெற்காசியப் பெண்ணை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. பருவம் மாறும்போது பயன்படுவார் போலும்.

5 சதவீத வரம்பு பாகிஸ்தானுக்கென்று எழுதப்பட்டதும் இல்லை. எல்லா நாட்டு மறுப்புகளையும் சேர்த்து எண்ணும் வரம்பு அது. இன்று ஒரு நாட்டை வெட்டிக் கணக்கைச் சரிசெய்பவர்கள் நாளை சென்னைக் கோப்புக்கும் யாழ்ப்பாணக் கோப்புக்கும் அதே கத்தரிக்கோலை எடுக்க என்ன தடை? இந்த மடலைத் தமிழில் படிப்பவர்களும் அதனால்தான் இதைக் கவனிக்க வேண்டும்.

உள்துறைக்கும் ஒரு சொல். மறுப்பு விகிதத்தைப் பல்கலைக்கழகத்தின் தலையில் கட்டுகிறீர்கள், மறுக்கும் அதிகாரி உங்களுடையவர். மறுக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு உரிமை இல்லை. 80 பவுண்டு கட்டி, 28 நாளுக்குள் நிர்வாக மறுபரிசீலனை கேட்கலாம், அவ்வளவே. அதன் முடிவு வருவதற்குள் வகுப்பு தொடங்கிவிடும். விசாவோடு கட்டிய சுகாதாரக் கட்டணம் திரும்பும், விசாக் கட்டணம் திரும்பாது. மறுபரிசீலனையில் தவறென்று ஒப்புக்கொள்ளப்பட்ட மறுப்புகளைப் பல்கலைக்கழகத்தின் கணக்கிலிருந்து கழித்துத் தனியே வெளியிடுங்கள். சேர்க்கை அலுவலகங்களின் பயம் கொஞ்சம் தணியும்.

குரல் சற்று உயர்ந்துவிட்டது, மன்னிக்கவும். மீண்டும் பணிவாகவே கேட்கிறோம். டெபாசிட் வாங்கியவர்களின் பட்டியல் உங்கள் நிதிப் பிரிவில் இருக்கிறது. அதில் காஸ் கிடைக்காத பாகிஸ்தான் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தேதி குறித்துப் பதில் எழுதுங்கள்: இந்த நாளுக்குள் காஸ், அல்லது இந்த நாளில் பணம். நீங்கள் நிறுத்திய சேர்க்கைக்கு விசா மறுப்புக் கடிதம் கேட்காதீர்கள், நிர்வாகக் கட்டணம் பிடிக்காதீர்கள். பருவம் மாற்ற ஒப்புக்கொள்பவருக்குக் கட்டணத்தை உயர்த்தாதீர்கள். அடுத்த பருவத்துக்கு அந்த நாட்டிலிருந்து ஆள் எடுப்பதாக இருந்தால் சரிபார்ப்பு முடிந்த பிறகே டெபாசிட் கேளுங்கள், எடுப்பதில்லை என்றால் விண்ணப்பப் பக்கத்திலேயே அதைப் போடுங்கள்.

இந்த மடலுக்குத் தனியே பதில் எழுத வேண்டாம். மாணவர்களுக்கு எழுதினால் போதும்.

இப்படிக்கு,
வெளிநாட்டுப் படிப்பு விண்ணப்பக் கோப்புகளைப் பார்த்துக்கொடுக்கும் சிலர்