மூன்று கிலோ

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். வாப்பாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. பூனை மறுபடியும் குட்டி போட்டிருக்கிறது, லாத்தா மகள் வீடியோ அனுப்பியிருப்பாள்.

எதிர்வீட்டுப் பையன் வியாழக்கிழமை ஷார்ஜா திரும்புகிறான். "மூன்று கிலோ எடுத்துக்கறேன் மாமி" என்றான். முதலில் மாசித்தூளும் ஊறுகாயும்தான் எடுத்து வைத்தேன். அப்புறம் நீ கேட்டது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுப் புத்தகமாகவே கட்டுகிறேன். தம்ரூட் இனிப்பு மட்டும் கால் கிலோ உண்டு, அதில் பங்கு கேட்பவர்களுக்கும் கொடு.

நீ கேட்டது ஒரே ஒரு கிதாபு. கடன் அடையவும் கஷ்டம் நீங்கவும் ஓதுகிற துஆக்கள் தமிழ் எழுத்தில் இருப்பதாகப் பார்த்து அனுப்பச் சொன்னாய். தர்கா அலங்கார வாசல் பக்கத்துக் கடையில் வாங்கிவிட்டேன், நூறு கிராம்கூட இருக்காது. எத்தனை வருஷமாக உனக்குப் புத்தகம் கொடுத்தனுப்புகிறேன், ஒற்றைக் கிதாபு மட்டும் கேட்டு நீ எழுதியதே இல்லை. ஒரு பக்கம் ஹதீஸ் தொகுப்பு, இன்னொரு பக்கம் சுஜாதா, நடுவில் ஏதாவது சமையல் புத்தகம் என்று கடைக்காரனே சிரிக்கிற மாதிரி பட்டியல் வரும். போன நவம்பரில் அங்கே புத்தகக் கண்காட்சி நடந்திருக்குமே. 1982-லிருந்து நடக்கிறது என்று எனக்குச் சொன்னதே நீதான். வருஷா வருஷம் கடை கடையாகப் போட்டோ அனுப்புவாய், இந்தத் தடவை ஒன்றையும் காணோம். கேட்டால் டூட்டி அதிகம் என்றாய். சரி.

துஆவுக்குக் காரணம் கேட்பது முறையில்லை, நான் கேட்கவும் இல்லை. ஆனால் அந்தக் கிதாபில் ஒரு பக்கத்தை மடக்கி வைத்திருக்கிறேன், முதலில் அதைப் பார். "அல்லாஹும்ம இன்னீ அஊது பிக மினல் ஹம்மி வல்ஹஸன்" என்று தொடங்கும். நபி (ஸல்) அவர்கள் இதை அதிகமாக ஓதுவார்கள் என்று அனஸ் (ரலி) சொன்னதாக புகாரி ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம், கடன் சுமை, மனிதர்களின் ஆதிக்கம், இத்தனையிலிருந்தும் பாதுகாப்புத் தேடுகிற துஆ. கவலையில் ஆரம்பித்துத்தான் கடனுக்கு வருகிறது, பார்த்தாயா? உதட்டால் மட்டும் ஓதாதே, அர்த்தத்தையும் சேர்த்துப் படி.

அது மட்டும் போதாது, தம்பி. ராத்திரி முழுக்க ஒரே கிதாபை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மனசு ஒரே இடத்தில் சுற்றும். அதனால்தான் மீதி எடைக்கு வேறு வேறாகப் பார்த்து வைத்தேன்.

நபி வரலாறு ஒன்று இருக்கிறது. எது சரி எது தப்பு என்று சண்டை போடுகிற புத்தகங்கள் உன் போனிலேயே ஓடுகின்றன, நீ அனுப்புகிற மார்க்கப் பேச்சுகளை, அந்தப் பயான்களைப் பார்த்தால் தெரிகிறது. (அதையும் முழுதாகக் கேட்டுவிட்டு அனுப்புகிறாயா, அப்படியே தள்ளிவிடுகிறாயா? எனக்கென்று ஒரு வரி எழுதுவதில்லை, பயான் மட்டும் ஒரு நாளைக்கு நாலு வருகிறது.) வரலாறு அப்படியல்ல, மனிதரை மனிதராகக் காட்டும். நபியவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய போர்க்கவசம் முப்பது ஸாஉ அளவு வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. இதுவும் புகாரியில் உள்ளதுதான். அந்த இடம் வந்தால் வேகமாகத் தாண்டிப் போய்விடாதே.

சீறாப்புராணம் அனுப்ப ஆசைதான். 5027 பாட்டு, உரையோடு வைத்தால் மூன்று கிலோவும் அதற்கே போய்விடும். அதனால் மானுக்குப் பிணை நின்ற படலத்தை மட்டும் செராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். வேடன் வலையில் சிக்கிய மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்சுகிறது. நபியவர்கள் அதற்குப் பிணையாக நிற்கிறார்கள். மான் போன பிறகு அந்த வேடன் படுகிற அவசரத்தை நான் நடித்துக் காட்டினால் சிறுவயதில் விழுந்து விழுந்து சிரிப்பாய். மான் சொன்னபடி குட்டியோடு திரும்பி வருகிறது. பிணை நிற்க ஆள் இருந்ததால்தானே அதனால் போகவும் வரவும் முடிந்தது? சிக்கியதை யாரிடமும் சொல்லாமல் வலையிலேயே கிடந்திருந்தால்?

தொண்டி அப்துற் றஹீம் எழுதிய 'வாழ்க்கையில் வெற்றி'யும் உண்டு. நபிமார்கள் வரலாறு, வலிமார்கள் வரலாறு, கலைக் களஞ்சியம் என்று எழுதிய அதே மனிதர், உழைப்பையும் தன்னம்பிக்கையையும் பற்றி எல்லா மதத்துக்காரரும் படிக்கிற மாதிரியும் எழுதினார். அட்டை கிழிந்திருக்கும், வாப்பாவுடைய பிரதி. கடையை விட்ட வருஷம் வாப்பா ராத்திரியில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாரே, அதுதான். அந்த வருஷம் நாம் என்ன சாப்பிட்டோம் என்பது உனக்கும் மறந்திருக்காது. ஒன்றும் ஆகிவிடவில்லை நமக்கு.

பஷீரின் 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனை இருந்தது' தமிழில் வந்ததை வைத்திருக்கிறேன். வழக்கில் சொத்தெல்லாம் போய், சின்னக் குடிசைக்கு வந்த பிறகும் அந்த உம்மா மரச் செருப்பான மெதியடியைப் போட்டுக்கொண்டு, யானைப் பெருமை பேசிக்கொண்டிருப்பாள். கடைசியில் தெருப் பிள்ளைகள், அது கொம்பானை இல்லை, மண்ணில் குழி பறிக்கிற பூச்சியான குழியானை என்று கத்துவார்கள். சொத்து போன கதையை இப்படிச் சிரிக்கச் சிரிக்க எழுத பஷீரால்தான் முடியும். உன் லாத்தாவுக்கு இது சோகக் கதையாம், நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யையும் கையில் எடுத்தேன், 1997-ல் அதற்குத்தான் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக விலைக்குப் போகிற கதை. இப்போது வேண்டாம் என்று திருப்பி அலமாரியிலேயே வைத்துவிட்டேன். நீ வந்து படி.

ராஜேஷ்குமாரின் துப்பறியும் நாவல் மூன்று. உனக்குத்தான் விவேக்கையும் ரூபலாவையும் தெரியாமல் இருக்காதே, கணக்கு நோட்டுக்குள் வைத்துப் படித்தவன்தானே. இவை மூன்றும் சேர்ந்தே முந்நூறு கிராம்தான். துஆக் கிதாபோடு இதையா கட்டுகிறாய் என்று பக்கத்து வீட்டு மாமி முகத்தைச் சுளித்தாள். நம் ஊர் குலாம் காதிறு நாவலர், நாகூர்ப் புராணம் பாடியவர், லண்டனில் பரபரப்புக் கதை எழுதிக்கொண்டிருந்த ரெயினால்ட்ஸின் நாவலை எடுத்து 'உமறு பாஷா யுத்த சரித்திரம்' என்று தமிழில் கொண்டு வந்தார். சித்தி ஜுனைதா பேகம் இந்தத் தெருக்களில் இருந்துகொண்டே 1938-ல் 'காதலா கடமையா' எழுதினார், உ.வே.சா.வே முன்னுரை கொடுத்தார். அவர்களுக்கெல்லாம் கெட்டுப் போகாத ஈமான் விவேக்கால் கெட்டுவிடுமா என்று கேட்டேன். மாமி ஒன்றும் பேசவில்லை. போகும்போது ஒரு ராஜேஷ்குமாரை எடுத்துக்கொண்டு போனாள், அதனால் மூன்று இரண்டாகிவிட்டது.

மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், மூன்று கிலோ நூறு. தம்ரூட்டைக் கொஞ்சம் குறைத்தேன். பையன் ஒன்றும் சொல்லமாட்டான், ஆனாலும் சொன்ன சொல் சொல்தானே.

எப்படிப் படிக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. சுபுஹுக்குப் பிறகு துஆ. சாப்பாட்டு இடைவேளையில் வரலாறு, இரண்டு பக்கம் போதும். ராத்திரி போனைத் தூர வைத்துவிட்டு ராஜேஷ்குமார், தூக்கம் வரும் வரைக்கும். ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்காதே, மாற்றி மாற்றிப் படி. போனை மறக்காமல் தூர வை. படித்ததும் எந்த இடம் பிடித்தது என்று எழுது. கட்டைவிரல் படம் அனுப்பினால் எனக்குப் பத்தாது.

எட்டாவது படிக்கும்போது நூலகத்தில் உனக்கென்று தனி அட்டை கேட்டு, பெரியவர்கள் அட்டையையே வாங்கிவந்தவன் நீ. நூலகர் வாப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லுவார். இப்போதும் உன்னைப் பற்றி விசாரிக்கிறார். என்ன படிக்கிறான் என்று கேட்டால், எல்லாம் படிக்கிறான் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்யாக்கிவிடாதே.

வாப்பாவுக்கு நீ கேட்ட கிதாபு என்னவென்று தெரியாது. ஏதோ மார்க்கப் புத்தகம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். என்னோடு பேச வேண்டுமானால் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு கூப்பிடு, அப்போது வாப்பா பள்ளிவாசலில் இருப்பார், வீட்டில் நான் மட்டும்தான்.

இன்னொன்று. மாடி வேலையை நோன்பு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். மழை முடிந்துவிட்டது, கூரை ஓட்டு வேலைக்கும் அவசரமில்லை. அதனால் இந்த மாதமும் அடுத்த மாதமும் பணம் அனுப்ப வேண்டாம். லாத்தாவிடமும் சொல்லியாகிவிட்டது, அவளும் சரி என்றாள்.

வஸ்ஸலாம்.

உம்மா